அம்மிணிக்கு, அந்த மஞ்சக்கோடு கிளப்போட வரவு செலவு

அம்மிணி,

நீ போன்ல சொன்னப்ப நான் "சரி பாக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன், கோவம்னு நெனச்சுக்காத சாமி, எனக்கு எதையும் எழுதிப் பாத்தாதான் புடிபடும். நீயும் உன்ற கூட்டாளிங்க ரெண்டு பேரும் சேர்ந்து மான்செஸ்டர்ல ஒரு பழைய குடோனை லீசுக்கு எடுத்து, பாதி நாள் லைவ் மியூசிக், பாதி நாள் டிஜே, ஒரு பாரு, உன்ற பங்குக்கு இத்தன வருசம் சேத்து வெச்ச காசு மொத்தமும். அதானே? நம்மூட்டுப் பொண்ணு கிளப்பு நடத்தறதான்னு நான் ஆரம்பிக்கப் போறதில்ல, அந்த சோலிய உன்ற சித்தப்பன் பாத்துக்குவான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கணக்குதான், மில் ஆபீஸ்ல உக்காந்து லெட்ஜர் எழுதியே தல நரைச்சவன், அதனால கணக்காத்தான் பேசப் போறேன், கேட்டுக்க.

நீ சொன்னியே, "ஹசியெண்டான்னு ஒரு கிளப்பு இங்க இருந்துச்சுப்பா, உலகமே திரும்பிப் பாத்துச்சு, அந்த மாதிரி"ன்னு. அன்னிக்கு ராத்திரியில இருந்து அதப் பத்தித்தான் படிச்சுட்டு இருக்கேன், அம்மாகூட கேட்டா, ரிட்டயர் ஆன மனுசன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு என்னத்த அப்படிப் படிக்கறீங்கன்னு. நல்ல உதாரணமாத்தான் புடிச்சிருக்க போ! பேரு வாங்குனதுலயும் முதல் எடம், நட்டப்பட்டதுலயும் முதல் எடம்.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன், உனக்குத் தெரிஞ்சதா இருந்தாலும் என்ற வாயால கேளு. 1982 மே 21, விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்ட்ல தெறந்தாங்க. அதுக்கு முன்னாடி அது பாய்மரப் படகு விக்கற ஷோரூமு. 82ங்கறது சாதாரண வருசமில்ல, அந்த வருசந்தான் இங்கிலாந்துல வேலையில்லாதவங்க முப்பது லட்சத்தத் தாண்டுனது, பஞ்சு மில்லுங்க எல்லாம் அதுக்கு முன்னாடியே மூடியாச்சு, ஊரு நடுவுல கால்வாய் ஓரமா செங்கக் கட்டடங்க வெறுமனே நின்னுச்சு. உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல, சின்ன வயசுல உன்ன மில்லுக்குக் கூட்டிட்டுப் போனப்ப பழைய மெஷின் மேல வார்ப்பு எழுத்துல ஒரு பேரு இருந்தத எழுத்துக்கூட்டிப் படிச்ச, பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்னு. அந்த ஓல்டாம் இப்ப உனக்குப் பக்கத்து ஊரு. கோயமுத்தூரத் தென்னிந்தியாவோட மான்செஸ்டர்னு நாம பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்ச காலத்துல அசல் மான்செஸ்டர்ல குடோனுக்குப் பூட்டுப் போட்டுட்டு இருந்தாங்க, அப்படிப் பூட்டிக் கெடந்த ஊருலதான் இவங்க பாட்டுக் கொட்டகை தெறக்கறாங்க. துணிச்சல்தான், இல்லைங்கல.

யாரு இவங்க? ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி. டோனி வில்சன்னு ஒருத்தரு, கிரானடா டிவில நியூஸ் வாசிக்கற ஆளு, அவரும் கூட்டாளிங்களும் சேர்ந்து நடத்துனது. அவங்க கிட்ட இருந்த பெரிய பேண்டு ஜாய் டிவிஷன். அதுல பாடுன இயன் கர்ட்டிஸ் 1980 மே மாசம் தற்கொல பண்ணிக்கிட்டாரு, இருபத்திமூணு வயசு. மிச்சம் இருந்தவங்க பேரை நியூ ஆர்டர்னு மாத்திக்கிட்டு நியூயார்க்குக்கு வாசிக்கப் போறாங்க, அங்க ராத்திரி கிளப்புங்களப் பாத்துட்டு, நம்மூர்லயும் இப்படி ஒண்ணு வேணும்னு அவங்க மேனேஜர் ராப் கிரெட்டனுக்கு ஆசை வந்துருச்சு. காசு? அந்தப் பேண்டு ரெக்கார்டு வித்த காசேதான். அதாவது கிளப்புக்கு முதலாளி ஃபேக்டரியும் நியூ ஆர்டரும், ஆனா நியூ ஆர்டர் பசங்க கையில வாங்குனது வாரச் சம்பளம். இந்த எடத்துல ஒரு கோடு போட்டு வெச்சுக்க அம்மிணி, பின்னால வருவேன்.

எதுத்தவரு ஒருத்தரு இருந்தாரு, மார்ட்டின் ஹானெட், அவங்க ரெக்கார்டிங் எல்லாம் பாத்துக்கிட்ட புரொடியூசரு, கம்பெனில பங்குதாரரும் கூட. ரெக்கார்டு கம்பெனிக்கு ஸ்டூடியோதான வேணும், டான்ஸ் ஹால் எதுக்குன்னு கேட்டு கேஸே போட்டுட்டாரு, அப்புறம் கோர்ட்டுக்கு வெளிய பேசித் தீத்தாங்க. நான் அந்த ஆபீஸ்ல இருந்திருந்தா ஹானெட் பக்கந்தான் நின்னுருப்பேன். ஆனா ஒரு விசயம் எனக்கு சிரிப்பா இருந்துச்சு, இந்தக் கம்பெனில எதுக்கெடுத்தாலும் ஒரு நம்பரு, ரெக்கார்டுக்கு மட்டுமில்ல, கிளப்புக்கு ஃபேக் 51 (ஃபேக்டரிங்கறதத்தான் அப்படிச் சுருக்குனாங்க), ஹானெட் போட்ட கேஸுக்கே ஃபேக் 61, கிளப்புல வளந்த பூனைக்கு ஒரு நம்பரு, கடைசியில 2007ல வில்சன் செத்தப்ப அவரு சவப்பெட்டிக்கு ஃபேக் 501. பூனைக்கு வவுச்சர் நம்பர் போட்டவங்க வாங்கற கடனுக்கு ஒழுங்கா ஒரு ரிஜிஸ்டர் போட்டிருக்கலாம்.

கட்டடத்த வடிவமைச்சது பென் கெல்லி. நீ உன்ற ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கறியே மஞ்சளும் கறுப்பும் சாய்வாக் கோடு போட்ட படம், அது அவரோட கைவண்ணம்தான். ஆடற எடத்துக்கு நடுவுல இரும்புத் தூணுங்க நிக்குது, எடுக்க முடியாது, கூரை வந்துரும், ஜனங்க முட்டிக்காம இருக்க நம்ம மில்லுல ஃபோர்க்லிஃப்ட் போற எடத்துல அடிப்பமே அதே கோட்டை அடிச்சுட்டாரு. ரோட்டு நடுவுல பதிக்கற பூனைக்கண்ணு ரிஃப்ளெக்டர் இருக்கல்ல, அதையும் கொண்டாந்து டான்ஸ் ஃப்ளோர் ஓரத்துல பதிச்சாரு. பாக்க அழகுதான், உலகம் பூரா காப்பியடிச்சாங்க. ஆனா பட்ஜெட் போட்டது ஒண்ணு, ஆனது பல மடங்கு. இன்னொண்ணு, ஒசந்த கூரை, கண்ணாடி, செங்கல்லு, இரும்பு, இதுல சத்தம் எப்படி இருக்கும்? எதிரொலிச்சு எதிரொலிச்சுக் கூழாயிரும். லைவ் பேண்டுக்குன்னு கட்டுன ஹால்ல லைவ் பேண்டு கேக்கறதுக்கு நல்லா இல்லைங்கறதுதான் கூத்து. டிஜேக்கு முதல்ல மேடைக்குப் பக்கத்துல ஒரு பொந்து மாதிரி ரூம் கொடுத்தாங்க, ஆடறவங்க மூஞ்சி அவனுக்குச் சரியாத் தெரியாது, அப்புறந்தான் பால்கனிக்கு மாத்துனாங்க. நீ குடோன் பாக்கப் போறப்ப வயலின் வாசிக்கற ஒரு ஆளக் கூட்டிட்டுப் போயி வாசிக்கச் சொல்லி மூலையில நின்னு கேளு, பெயிண்ட் கலர் எல்லாம் அப்புறம்.

முதல் சில வருசம் கூட்டமே இல்ல. ஆயிரம் பேருக்கு மேல நிக்கற ஹால்ல வார நாள்ல விரல் விட்டு எண்ணிரலாம், குளிரு வேற. ஆனா வாசிக்க வந்தவங்க லிஸ்ட்டப் பாரு. தெறந்த அன்னிக்கு நியூயார்க் பிராங்ஸ்ல இருந்து ஈஎஸ்ஜின்னு அக்கா தங்கச்சிங்க பேண்டு. 83ல த ஸ்மித்ஸ். 1984 ஜனவரி 27ந் தேதி மடோனா! சேனல் ஃபோர் டிவில 'த டியூப்' நிகழ்ச்சிக்காக அங்க வந்து ஆடிட்டுப் போனாங்க, அன்னிக்கு அந்த ஹால்ல நின்ன நெறையப் பேருக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது. இதெல்லாம் இப்பப் பேச நல்லாருக்கு, அன்னிய தேதிக்கு டிக்கெட் வரவுல ஒண்ணும் ஏறல.

அந்த ஓட்டையெல்லாம் அடைச்சது நியூ ஆர்டர். 1983ல 'ப்ளூ மண்டே'ன்னு ஒரு பன்னெண்டு இன்ச் ரெக்கார்டு, அந்த சைஸ்ல உலகத்துலயே அதிகமா வித்தது அதுதான்னு சொல்றாங்க. அதுலயும் ஒரு கூத்து, உறைய ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி ஓட்ட போட்டு வெட்டுனதுல செலவு ஏறி, வித்த ஒவ்வொண்ணுக்கும் சில பென்னி நட்டம்னு வில்சனே பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நட்டத்துல பெருமையப் பாத்தியா. எப்படியோ, அவங்க ஊரு ஊராப் போயி வாசிச்சுச் சம்பாதிச்சதுதான் திரும்பத் திரும்ப இந்தக் கிளப்போட கரண்டு பில்லுக்கும் சம்பளத்துக்கும் போச்சு.

அப்புறம் 86 வாக்குல காத்து மாறுது. சிக்காகோ, டெட்ராய்ட் பக்கம் கறுப்பினப் பசங்க மெஷின வெச்சுப் பண்ணுன ஹவுஸ், டெக்னோ மியூசிக்க மைக் பிக்கரிங்னு ஒரு டிஜே வெள்ளிக்கெழம ராத்திரியில போட ஆரம்பிச்சாரு, 'நியூட்'னு அந்த நைட்டுக்குப் பேரு. வியாழக்கெழம டேவ் ஹாஸ்லம், அது மாணவருங்க கூட்டம், டிக்கெட் சல்லிசு. கிரேம் பார்க் வந்தாரு. 88 வெயில் காலத்துல 'ஹாட்'னு ஒரு நைட்டு, ஹாலுக்குள்ளயே நீச்சல் தொட்டி வெச்சாங்களாம்! கியூ ரோட்டச் சுத்தி நிக்குது, வேற ஊர்ல இருந்து பஸ் புடிச்சு வர்றாங்க, அமெரிக்கா பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அந்த ஊருக்கே மேட்செஸ்டர்னு பட்டப்பேரு வெச்சாங்க, பைத்தியக்கார மான்செஸ்டர்னு அர்த்தம் வர்ற மாதிரி.

சரி, இப்பவாச்சும் லாபம் வந்திருக்கணுமே? வரல அம்மிணி. இதத்தான் நீ நல்லாப் புரிஞ்சுக்கணும். கிளப்புக்கு டிக்கெட் காசு டிஜேக்கும் சம்பளத்துக்கும் சரியாப் போயிரும், லாபம் பாருலதான். ஆனா அந்தக் கூட்டம் எக்ஸ்டசிங்கற போதை மாத்திர போட்டுட்டு விடிய விடிய ஆடுச்சு, பீரு வாங்கல, தண்ணி குடிச்சுட்டு ஆடுச்சு. நோம்பிக் கூட்டம் அலமோதுது, உண்டியல்ல மட்டும் காசு விழுகல, அந்த மாதிரி. காசு வந்துச்சு, வராம இல்ல, மூலையில நின்னு மாத்திர வித்தவன் கைக்கு வந்துச்சு. கிளப்பு வாடகை கட்டி, லைட்டு போட்டு, ஸ்பீக்கர் வெச்சு, அவனுக்கு ஓசியில கட விரிச்சுக் கொடுத்துருக்கு. பின்னால நியூ ஆர்டர் பேண்டுல பாஸ் கிட்டாரு வாசிச்ச பீட்டர் ஹுக் கணக்குப் போட்டுச் சொன்னாரு, உள்ள வந்த ஒவ்வொரு ஆளுக்கும் எங்களுக்குப் பத்து பவுண்டு நட்டம்னு. அதுக்கு வாசல்லயே பத்து பவுண்ட கையில கொடுத்துத் திருப்பி அனுப்பிருக்கலாம், கரண்டாச்சும் மிச்சம்.

89ல அங்க வந்த ஒரு பொண்ணு, பதினாறு வயசு, அந்த மாத்திரையால செத்துப் போச்சு. அதப் படிச்சப்ப எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்துதான் மேல படிச்சேன், ரெண்டு பொண்ணு பெத்தவன் நானு. போலீஸ் லைசென்ஸ ரத்து பண்ணச் சொல்லுச்சு, இவங்க ஜார்ஜ் கார்மன்னு அந்த நாட்டுலயே பெரிய வக்கீல வெச்சுக் காப்பாத்துனாங்க, அந்த ஃபீஸையும் நட்டத்துல சேத்துக்க. அதுக்குள்ள மாத்திர யாவாரம் யாருக்குங்கறதுல கேங்குங்க சண்ட, துப்பாக்கியோட வர்றாங்க, வாசல்ல நிக்கற பவுன்சருங்களயே மெரட்டறாங்க. 1991 ஜனவரில வில்சனே போதும்டா சாமின்னு கிளப்ப மூடுனாரு, மே மாசம் திருப்பித் தெறந்தாங்க, ஆனா அந்தத் தொல்ல ஓயல. உன்ற திட்டத்துல ஒரு பேண்டுக்கு எவ்வளவு, சவுண்டு சிஸ்டம் எவ்வளவுன்னு எல்லாம் இருந்துச்சு, வாசல்ல யாரு நிக்கப் போறாங்கன்னு ஒரு வரி இல்லையே. ஸ்டேஜ விட வாசல்தான் முக்கியம், வாசல் யாரு கையிலயோ கிளப்பு அவங்க கையில.

இதுல கம்பெனியும் சும்மா இருக்கல. 89ல ஓல்டாம் ஸ்ட்ரீட்ல 'டிரை'ன்னு ஒரு பாரு. 90ல சார்ல்ஸ் ஸ்ட்ரீட்ல சொந்த ஆபீஸ் கட்டடம், அதையும் பென் கெல்லி கையாலயே எழைச்சு எழைச்சு. அந்த நேரத்துல இங்கிலாந்துல பேங்க் வட்டி என்ன தெரியுமா, 1989 அக்டோபர்ல இருந்து பதினஞ்சு சதவீதம்! அடுத்து எடத்து வெலையும் விழுந்துச்சு. வட்டி ஏறி வெல விழுகற நேரத்துல கட்டடத்துல காசக் கொட்டுனவன் தப்பிச்சதா நான் பாத்ததில்ல. இன்னொரு பக்கம் ஹேப்பி மண்டேஸ்னு அவங்களோட இன்னொரு பேண்டு ரெக்கார்டிங்குக்கு பார்படோஸ் தீவுக்குப் போயிக் கரைச்சுட்டு வந்தது தனிக் கத. லண்டன் ரெக்கார்ட்ஸ் வந்து கம்பெனிய வாங்கிக்கறோம்னு கேட்டாங்க, சரி பொழச்சோம்னு கணக்கத் தெறந்து பாத்தா, நியூ ஆர்டர் பாட்டெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமே இல்ல! ஆரம்பத்துல இருந்தே காண்ட்ராக்ட் போடறதில்லைங்கறது இவங்க கொள்க, பாட்டு எல்லாம் பாடறவனுக்கேங்கறது. நல்ல மனசுதான், பாட்டுக்காரனுக்கு அதவிட நல்லது வேற யாரும் பண்ணல. ஆனா விக்கறதுக்குக் கைல ஒண்ணுமில்லாமப் போச்சு. 1992 நவம்பர்ல ஃபேக்டரி திவால்.

கிளப்பு மட்டும் இன்னும் அஞ்சு வருசம் இழுத்துட்டுக் கெடந்துச்சு. 97ல லைசென்ஸ் கொடுக்கற மாஜிஸ்ட்ரேட்டுங்களும் போலீசும் பாக்க வந்த அன்னிக்குப் பாத்து வெளிய ரோட்டுல ஒரு பதினெட்டு வயசுப் பையன இரும்புக் கம்பியால அடிச்சு காருக்கு முன்னால தள்ளி விட்டாங்க, எல்லாம் அவங்க கண்ணு முன்னாடி. ஆனா கிளப்பக் கொன்னது அது மட்டுமில்ல, கடன்தான் அதுக்கு முன்னாடியே முக்காவாசி கொன்னுருச்சு. 1997 ஜூன் 28 கடைசி ராத்திரி.

இதுக்கு அப்புறம் நடந்ததுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். கட்டடம் சும்மா கெடந்துச்சு, கிராஸ்பி ஹோம்ஸ்னு ஒரு வீடு கட்டற கம்பெனி வாங்குச்சு. 2000ல கதவு, தூணு, பலகைன்னு எல்லாத்தையும் ஏலம் விட்டாங்க. 2002ல இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டுனாங்க, ஃப்ளாட்டுக்குப் பேரு என்ன? ஹசியெண்டா! கூத்து முடிஞ்சுது, இனி வீட்டுக்கு வரலாம்கற மாதிரி விளம்பரம் வேற. ஹுக் அந்த டான்ஸ் ஃப்ளோர் பலகைல பாஸ் கிட்டாரு செஞ்சு வெச்சுக்கிட்டாரு, ஹீல்ஸ் குத்துன தழும்பும் சிகரெட் சுட்ட கருப்பும் அப்படியே இருக்குமாம். பதினஞ்சு வருசம் சம்பாதிச்சதக் கொட்டுனவனுக்குப் பலகைத் துண்டு, வந்து இடிச்சவனுக்கு ஃப்ளாட் காசு.

நான் வேல பாத்த மில்லுலயும் இதேதான நடந்துச்சு. ஸ்பிண்டில் ஓடுன காலத்துல லாபம் இல்ல இல்லன்னு போனஸுக்குப் பேரம் பேசுனாங்க, சுவத்த இடிச்சு மனை போட்டப்பதான் லாபத்தையே கண்ணுல பாத்தாங்க. ஆனா அங்க வித்தியாசம் என்னன்னா, எங்க மில்லு இருந்ததால பக்கத்து எடம் வெல ஏறுச்சுன்னு சொல்ல முடியாது, பொகையும் பஞ்சுத் தூசும்தான். ஹசியெண்டா விசயம் வேற. அது வர்றதுக்கு முன்னாடி அந்தக் கால்வாய் பக்கம் ராத்திரி யாரும் நடக்கல, இவங்க பாட்டுப் போட்டுக் கூட்டம் சேத்தாங்க, அந்தக் கூட்டத்தால ஊருக்கு ஒரு மவுசு வந்துச்சு, அந்த மவுசாலதான் மனுசங்க அங்க குடியிருக்கவே ஆசப்பட்டாங்க. பாட்டு போட்டவன் வெல ஏத்தறான், எடத்துக்காரன் வித்துக்கறான். எந்த ஊர்லயும் இதுதான் நடக்குது, அதனால பாட்டு, பேண்டு, பெயிண்டு எல்லாத்துக்கும் முன்னாடி எடத்த என்ன பண்ணப் போறீங்கன்னு நீங்க மூணு பேரும் உக்காந்து பேசுங்க.

அதோட ஃப்ளாட் வந்தா இன்னொரு தலவலி. உங்க ஓல்டாம் ஸ்ட்ரீட்ல நைட் அண்ட் டே கஃபேன்னு இருக்கல்ல, 91ல இருந்து நடக்குது, பக்கத்துல ஃப்ளாட் வந்து, குடி வந்தவங்க தூங்க முடியலன்னு சொல்லி, 2021ல கவுன்சில் நோட்டீஸ் கொடுத்து 2024 வரைக்கும் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. தூக்கம் போனவங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கே பக்கத்து மண்டபத்துல செண்ட மேளம் வெச்சா ஆகாது. நீங்க பாத்து வெச்சிருக்கற குடோனுக்கு ரெண்டு பக்கமும் யாரு எடம், அங்க வீடு கட்ட அனுமதி கேட்டு மனு கெடக்குதான்னு கவுன்சில்ல போயிப் பாரு.

தாக்குப் புடிச்சவங்களும் அங்கயே இருக்காங்களே, அவங்களப் போயிப் பாரேன். விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்ட்லயே த ரிட்ஸ், 1927ல டான்ஸ் ஹாலாக் கட்டுனது, ஸ்பிரிங் வெச்ச தர, ஆடறதுக்குன்னே கட்டுனதால இன்னும் ஓடுது, த ஸ்மித்ஸ் முதல் முதல்ல மேடையேறுனது அங்கதான். ஸ்வான் ஸ்ட்ரீட்ல பேண்ட் ஆன் த வால், அந்தக் காலத்துல பப்புக்குள்ள எடம் இல்லாம சுவத்துல ஒசரமா பரண் கட்டி பேண்ட மேல ஏத்தி விட்டாங்களாம், அந்தப் பேரே நின்னுருச்சு. அத இப்ப நடத்தறது ஒரு சேரிட்டி, 2009ல புதுப்பிச்சுத் தெறந்தாங்க. அங்க கணக்குப் பாக்கறவங்க யாருன்னு விசாரிச்சு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசு, டிஜேங்ககிட்டப் பேசறத விட அதுல பிரயோசனம்.

பண்ணாதன்னு நான் சொல்லல. அப்படிச் சொல்லத்தான் உக்காந்தேன், படிக்கப் படிக்க மனசு வேற பக்கம் போயிருச்சு. மடோனா வந்தப்ப யாருன்னே தெரியாம நின்ன கூட்டத்துல ஒருத்தனா நின்னுருக்கலாமேன்னு எனக்கே ஒரு ஆச வந்துச்சுன்னா பாத்துக்க. ஆனா முதல்ல கோடு போட்டு வெக்கச் சொன்னேனே, நியூ ஆர்டர் பசங்க வாரச் சம்பளம் வாங்கிட்டு மொதலாளியா இருந்தாங்கன்னு, அந்த எடத்துக்கு வா. அவங்க செலவுல கை வெச்சுப் பாக்கவே இல்ல, கடன்ல மட்டும் பங்கு இருந்துச்சு. நீ அப்படி இருக்கக் கூடாது. சேத்து வெச்சதுல பாதி போடு, பாதி உன்ற பேர்லயே கெடக்கட்டும். மாசா மாசம் பாரு கணக்க நீயே பாரு, கூட்டாளி பாத்துக்குவான்னு விடாத. கம்பெனி பேர்ல லீஸ் போடுங்க, அதுல பர்சனல் கேரண்டின்னு ஒரு எழவு இருக்கும், கம்பெனி கட்டலைன்னா நீ கட்டணும்னு, அதுல மட்டும் கையெழுத்துப் போடாத, எடத்துக்காரன் எவ்வளவு சிரிச்சுப் பேசுனாலும். லீஸ் எத்தன வருசம், நடுவுல எடத்துக்காரன் வித்தா வாங்கறவன் உங்கள வெளிய போகச் சொல்ல முடியுமா, வாடகைய எத்தன வருசத்துக்கு ஒருக்கா ஏத்துவான், சவுண்டு வெளிய போகாம அடைக்கற செலவு யாருது, இந்த நாலுக்கும் பேப்பர்ல பதில் வேணும், வாயில வேண்டாம்.

லீஸ் டிராஃப்ட முழுசா ஸ்கேன் பண்ணி அனுப்பு, பாதி பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடாத, எனக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது. அந்த ஊரு சொலிசிட்டர் ஒருத்தரையும் பாரு, ஃபீஸு நான் கொடுக்கறேன். அம்மாகிட்ட இத நான் இன்னும் சொல்லல, கிளப்புங்கற வார்த்தைய எப்படிச் சொல்றதுன்னு எனக்கு ரோசனை ஓடல, அத நீயே சொல்லிக்க, ஞாயித்துக்கெழம கூப்புடறப்ப, சித்தப்பன் பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து.

அப்பா